கட்டைவிரல் அகலம்

மின்விசிறியை நிறுத்தியாகிவிட்டது.
கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது.
லென்ஸ் துடைக்கும் மஞ்சள் துணிமேல்
ஆறு தகர ரயில்பெட்டிகள்,
ஒவ்வொன்றும் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டின் நீளம்.

கொண்டுவந்தவர் எத்தியேன் மரியசூசை,
வைசியாள் வீதி.
'பரண்ல கிடந்தது. உப்புக்காத்து வேற.
பளபளன்னு வேணாம்மா, சுத்தமா இருந்தாப் போதும்.'
இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று
அவருக்கும் தெரியாது,
அன்றைக்கு எனக்கும்.

புளி, குத்துவிளக்குக்கு.
விபூதி, வெள்ளிக்கு.
பற்பசை பல்லைத் தவிர எதற்கும் ஆகாது.
வர்ணம் பூசிய தகரத்துக்கு முதலில்
காற்று மட்டும்.
ரப்பர் உருண்டையை அமுக்கி அமுக்கி
ஜன்னல் ஜன்னலாக ஊதினேன்.
செத்த எறும்பு ஒன்று இறங்கியது,
டிக்கெட் இல்லாமல்.

பிறகு அணில்முடித் தூரிகை.
பிறகு பெட்ரோல் பங்க்கில் வாங்கிய பேட்டரித் தண்ணீர்,
கிண்ணத்துக்கு ஒரு சொட்டு குழந்தை ஷாம்பு.
பஞ்சுக்குச்சியை நனைத்து, உதறி,
அடிவயிற்றில், யாரும் பார்க்காத இடத்தில்
முதலில் வைத்துப் பார்த்தேன்.
தேய்க்கக் கூடாது. உருட்ட வேண்டும்,
தூங்குகிற பிள்ளையைப் பாயில்
ஓரமாக நகர்த்துவதுபோல.
குச்சி கறுத்தால் தூசி.
குச்சி பச்சையானால் கையை எடு.

பொன்னெழுத்துப் பக்கம் போகவேயில்லை.
அச்சில் ஈரம் படவிடவில்லை;
அங்கே தையல் மிஷின் எண்ணெய்
ஊசிமுனையில் தொட்டு ஒரு புள்ளி.
பிடிவாதமான அழுக்குக்கு எச்சில்.
சிரிக்காதீர்கள்.
'எச்சில் தொட்டுக் கண்ணாடி துடைக்காதீங்க' என்று
பகல் முழுக்கச் சொல்கிற வாய்தான் இது.

நான்காம் பெட்டியில் ஓர் ஈயின் எச்சம்.
மிளகில் கால்வாசி இருக்காது.
எச்சிலுக்கும் மசியவில்லை.
மணி ஒன்பதரை,
வில்லியனூருக்குக் கடைசி பஸ் பத்து மணிக்கு.
கை தானாக லென்ஸ் ஸ்பிரேயை எடுத்தது.
ஒரு தடவை.
ஒரே தடவைதான்.
குச்சியில் தேன் நிறம்.
பெட்டியில், கட்டைவிரல் அகலத்துக்கு
நீலம்.

பச்சைப் பெட்டியில் ஏது நீலம்?
லென்ஸ் பூச்சோடு பத்து வருஷம் பழகியவளுக்கு
புரிய ரொம்ப நேரம் ஆகவில்லை:
மேலே தடவிய வார்னிஷ் பழுத்துவிட்டது.
பழுத்த மஞ்சளுக்கு அடியில் நீலம் கிடந்தால்
கண் அதைப் பச்சை என்று நம்பும்.
பஸ்ஸை விட்டுவிட்டு
அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அவர் வந்தபோது
அந்தப் பக்கத்தையே திருப்பி வைத்திருந்தேன்.
சொல்ல வைத்திருந்த வார்த்தைகள்
ஒன்றும் வரவில்லை.
அவர் திட்டவில்லை. போனை எடுத்தார்.
தூலோனில் அக்கா எலேன்,
தலையில் துண்டு, பின்னால் மழை.
'எத்தனை வருஷமாச் சொல்றேன், நீலம்னு!'
'நான் கையில எடுத்தப்பப் பச்சைதான்.'
'நீ பொறக்கறதுக்கு முன்னாடி வந்த ரயில்டா அது.
போய்க் கண்ணைக் காட்டு.'
'கண்ணாடிக் கடையிலதான் நிக்கிறேன்.'

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
ரெண்டு பேர் கண்ணும் சரிதான் என்றேன்.
வாடிக்கையாளரிடம் அப்படிச் சொன்னது
அதுவே முதல்முறை.

கண்ணாடி மேஜைமேல் தண்டவாளத்தை வட்டமாகப் பூட்டி
எஞ்சினுக்குச் சாவி கொடுத்தார்.
பச்சை, பச்சை, பச்சை,
ஒரு கீற்று நீலம்,
பச்சை, பச்சை.
'நிறுத்து, நிறுத்து, அங்கதான்!' என்றது போன்.
சாவி தீரும்வரை அது நிற்கவில்லை.

'மிச்சத்தையும் எடுத்துடவா?'
'வேணாம்' என்றார் அவர்.
'வேணும்' என்றார் அவர் அக்கா.
இரண்டும் ஒரே நொடியில்.

வாக்குவாதம் நடந்துகொண்டிருக்க
பில் புத்தகத்தை எடுத்து எழுதினேன்:
ஆறு பெட்டி. தூசி மட்டும்.